எந்தக் கேள்விக்கு அந்த ‘ஆமா’

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு சாம்பல் நிற வரி. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’ எங்கள் குரூப்பில் செண்பகம் எழுதி, செண்பகமே அழித்த செய்தி. அழிவதற்கு முன்னால் அதைப் படித்தவர்களில் நானும் ஒருத்தி. படித்ததை நம்பலாமா என்பதுதான் இப்போது சந்தேகம். இந்தக் கதையில் வருகிற எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் எழுதப்போகிறேன். உங்களையும் சேர்த்து.

(உங்களில் யாராவது அந்த குரூப்பில் இருந்தால் தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிடுங்கள். அச்சில் வருவதற்கு நீல டிக் கிடையாது. நீங்கள் படித்தது எனக்குத் தெரியவராது. எனக்குப் பயமே அதுதான்.)

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

‘சந்தாபுராவிலிருந்து ஃபோன் வந்தபோது தமயந்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டு...’ வேண்டாம். அவள் அப்போது வெங்காயம் நறுக்கினாளா என்று எனக்குத் தெரியாது. பின்னால் அழவைக்க வசதியாக இருக்கட்டும் என்று நான் கொண்டுவந்து வைத்த வெங்காயம் அது.

‘இணையத்தில் மன்றம் வைத்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் குரூப்புக்கு மாறியதால் விளைந்த தீமைகள் யாவையெனில்...’ இது பரீட்சைப் பேப்பர்.

மூன்றாவதைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கதை காதில்தான் வரும். ஆளின் முகம் வராது, வீடு வாசல் வராது. ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி பதில் சொல்வாள். கேட்டதற்குக் கீழே சொன்னதை எழுதிக்கொண்டு போவேன். லிங்கராஜபுரத்தில் இந்த மாடி வீட்டில் உட்கார்ந்து இத்தனை வருஷம் எழுதியது எல்லாம் அப்படித்தான். முதல் தடவையாக இப்போது என் காதில் ஒரு பதில் மட்டும் நிற்கிறது. அது எந்தக் கேள்வியின் பதில் என்று தெரியவில்லை.

2

குரூப்பில் வந்ததை வந்த வரிசையிலேயே தருகிறேன். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயர் மைதிலிதான், அதை மாற்றவில்லை.)

தமயந்தி: சந்தாபுராக்காரங்ககிட்ட சொன்னது யாரு? நம்மள்ல ஒருத்தர்தான். தைரியம் இருந்தா சொல்லுங்க.

பால்ராஜ்: வேன்காரரை அஞ்சரைக்கே வரச் சொன்னது யாருப்பா? அந்நேரத்துக்கு எவன் எழுந்துப்பான்?

யாரோ: (ரோஜாப்பூப் படம். இனிய காலை வணக்கம்.)

செண்பகம்: ஆமா நான்தான் சொன்னேன். சொன்னா இன்னா தப்பு?

உடனே அது சாம்பலானது. இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

தமயந்தி: நீயா செண்பகம்? நீயா?

தமயந்தி வெளியேறினார்.

அதற்கடுத்து யாருடைய மாமனாரோ இறந்த செய்தி வந்தது. எல்லோரும் கும்பிடு போட்டார்கள். நடுவில் ஒருத்தர் ரோஜாப்பூவுக்கும் கும்பிடு போட்டார்.

விளக்கம் வேண்டும், தருகிறேன். தமயந்தி கேட்டது மகள் அம்ருதாவின் சம்பந்தத்தைப் பற்றி. சந்தாபுரா மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் பேசி முடிந்து, தட்டு மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஃபோன் செய்து, ‘பொண்ணுக்குச் சின்ன வயசுல ஃபிட்ஸ் வருமாமே’ என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். வந்தது உண்மை. நின்று பல வருஷமாகி, மாத்திரையும் விட்டாயிற்று என்பதும் உண்மை. வெளியில் இது தெரிந்தவர்கள் நாங்கள் சிலர் மட்டும்தான். எல்லோரும் அந்த குரூப்பில் இருக்கிறோம்.

பால்ராஜ் கேட்டது வேனைப் பற்றி. எங்கள் அப்பாக்கள் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை நாங்கள் வேன் வைத்துக்கொண்டு அங்கே போவோம், சாப்பிடுவோம், சண்டை போட்டுக்கொண்டு திரும்புவோம்.

செண்பகத்தின் பதில் பால்ராஜின் கேள்விக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதற்குத்தானே சொல்லியிருப்பாள் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். செண்பகம் ஒற்றை விரலால் தட்டுகிறவள். அவள் தட்ட ஆரம்பித்தபோது திரையில் கடைசியாக இருந்தது யாருடைய கேள்வி? முடித்தபோது இருந்தது யாருடையது? நடுவில் அந்த ரோஜாப்பூ வேறு.

(வாசகரில் இளையவர் ஒருவர் சொல்வது காதில் விழுகிறது: ‘மெசேஜை இப்படி ஓரமா இழுத்தா எந்தக் கேள்விக்குப் பதில்னு மேலேயே காட்டுமே ஆன்ட்டி.’ காட்டும். அம்ருதாகூட எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இழுத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் குரூப்பில் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.)

3

குரூப்புக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மன்றம் இருந்தது. ‘நம்ம லைன்’ என்று பெயர். சுரங்கத்துக்காரர்களுக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிக்கொடுத்த வீட்டு வரிசையை நாங்கள் லைன் என்போம். சுரங்கத்தை மூடி எல்லோரும் பெங்களூர் வந்து ஆளுக்கொரு மூலையாகச் சிதறிய பிறகு, பிரேசர் டவுன் ஓஸ்வால்ட் இணையத்தில் இந்த லைனைக் கட்டினார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம். அதை அவர் ‘கதவு’ என்பார். யார் கேட்டார்களோ அவர்கள் கதவைத் தட்டி அங்கேதான் பதில் சொல்ல வேண்டும். கதவு மாறிப் பேசினால் ஓஸ்வால்ட் அந்தப் பதிலை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ச் சரியான கதவில் வைப்பார். கூடவே ஒரு குட்டும் வைப்பார்: ‘அடுத்த வீட்டு அடுப்புல உன் குழம்பை ஏன்மா வைக்கிறே?’

தமயந்தியும் செண்பகமும் அங்கேதான் பழக்கம். அப்போது முகம் தெரியாது, புனைபெயர்தான். தமயந்தி கேட்டதும் செண்பகம் சொன்னதும் என் காதில் இன்னும் இருக்கிறது:

‘கொழந்தைக்கு நாலு வயசு. ராத்திரி கை கால் வெட்டி இழுக்குது. மாமியார் மந்திரிக்கச் சொல்றாங்க. யார்கிட்ட கேக்கிறதுன்னு தெரியலை.’

‘மந்திரிக்கிறதெல்லாம் அப்புறம் வெச்சிக்கோ. இழுக்கும்போது ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில ஒண்ணும் திணிக்காதே, சாவிக்கொத்து கீவிக்கொத்து கையில குடுக்காதே. நரம்பு டாக்டர்கிட்ட போ. தனியா போவ பயமா இருந்தா சொல்லு, நானும் வர்றேன்.’

‘நீங்க யாருங்க?’

‘எம் புள்ளைக்கும் இருந்துது. அவ்ளோதான் யாரு.’

அந்தக் கதவு வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தது. வேறு இரண்டு மூன்று அம்மாக்கள் தேடி வந்து, அதே பதிலைப் படித்து, கீழே நன்றி எழுதிவிட்டுப் போனார்கள். குரூப்பில் அதைக் கேட்டிருந்தால் அன்று மதியத்துக்குள் பத்து கும்பிடும் இரண்டு கட்டைவிரலும் விழுந்து, சாயங்காலத்துக்குள் மேலே ஏறிக் காணாமல் போயிருக்கும்.

(கட்டைவிரல் என்றதும் ஞாபகம். என் அப்பாவுக்குக் கையெழுத்து வராது, ரேகைதான். ஆனால் மை தொடுவதற்கு முன்னால் ‘இது எதுக்குப்பா?’ என்று கேட்காமல் ஒரு தாளிலும் விரல் வைத்ததில்லை.)

பிறகு எல்லோர் கையிலும் ஃபோன் வந்தது. லைனுக்கு யாரும் வருவதில்லை. ஓஸ்வால்ட் மூடிவிட்டார்.

மன்றத்தை ரொம்பப் புகழ்கிறேனோ? அங்கேயும் சண்டை நடந்தது. ஒரு வருஷம் முழுக்க சாம்பாரில் வெல்லம் போடுவது பற்றி ஒரு கதவு திறந்து கிடந்தது. ஆனால் யார், யாரை, எதற்காகத் திட்டினார்கள் என்று தெரிந்தது.

4

தமயந்தி வந்தாள். அம்ருதாதான் ஸ்கூட்டரில் கூட்டிவந்தாள். அவள் உள்ளே உட்காரவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரமாக நின்றாள்.

‘நீங்க படிச்சீங்கதானே அக்கா? அழிக்கிறதுக்கு முன்னாடி?’

‘படிச்சேன்.’

‘இன்னா எழுதியிருந்தா? உங்க வாயால சொல்லுங்க.’

‘ஆமா நான்தான் சொன்னேன், சொன்னா இன்னா தப்புன்னு.’

‘கேட்டியாடி? கேட்டியா? அவ தங்கச்சி சந்தாபுராவுலதான் குந்திகினு கீறா. வேற யாரு அக்கா சொல்லியிருப்பாங்க?’

‘வேனுக்குச் சொல்லியிருக்கலாமே தமயந்தி.’

‘வேனுக்குச் சொன்னவ இன்னாத்துக்கு அழிக்கணும்? வேனு இன்னா ரகசியமா?’

இது நல்ல கேள்வி. கதை எழுதுகிறவள் நானே யோசித்திருக்க வேண்டியது.

‘மாப்பிள்ளையோட அம்மா என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லு.’

‘யாரு சொன்னதுன்னு கேட்டேன். “எங்களுக்கு எப்படிங்க தெரியும், உங்க பக்கத்துல இருந்தே வந்த சேதிதான்”னு வெச்சிட்டாங்க. எங்க பக்கம்னா யாரு? நம்ம லைனுதானே! அந்த டாக்டர்கிட்ட எங்கூட வந்தவக்கா அவ. டோக்கன் போட்டு நின்னவ. அவளே...’

அம்ருதா கதவோரத்திலிருந்து சொன்னாள்: ‘வுடும்மா. யார் சொன்னா இன்னா? சும்னே பொய்யா சொன்னாங்க? வந்துதுதானே எனக்கு?’

‘நீ வாய மூடு. உனக்குத்தான் தட்டு தவறிப்போச்சு, நினைப்பு இருக்கா?’

‘எனக்குத்தானே போச்சு? நீ ஏன் செண்பகம் ஆன்ட்டிய புடிச்சுகினு கீறே?’

தமயந்தி அப்போது அழுதாள். வெங்காயம் இல்லாமலே.

5

செண்பகம் என்கிற பாத்திரத்தை நான் நம்பவில்லை. நல்லவர்களாக ஆரம்பிப்பவர்கள்மேல் எனக்கு எப்போதும் நம்பிக்கை கிடையாது. அதனால் நானே ஃபோன் செய்தேன்.

‘ஏன் செண்பகம் அழிச்சே?’

‘நீங்களுமா அக்கா?’

‘கேட்டதுக்குச் சொல்லு.’

‘ஒரு வார்த்தை வுட்டுப்போச்சு. அதான் அழிச்சிட்டு மறுபடி எழுதலாம்னு.’

‘எந்த வார்த்தை?’

‘அதை நான் இப்ப சொன்னா நம்புவீங்களா?’

‘மறுபடி ஏன் எழுதலை?’

‘எழுதறதுக்குள்ள அவ நீயா நீயான்னு கேட்டுட்டு எழுந்து போய்ட்டா. யாருக்கு எழுதறது, வேன் டிரைவருக்கா?’

‘அவளைக் கூப்பிட்டு, நான் வேனைத்தான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?’

அவள் வீட்டில் குக்கர் விசில் கேட்டது. (இது நான் வைத்த குக்கர் இல்லை.)

‘அவ என்னை யாருன்னு நெனைச்சிருந்தா அந்த ஆமா எந்தக் கேள்விக்குன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கணும்க்கா. இத்தனை வருஷம் பழகிட்டு, போயும் போயும் ஒரு ஆமாவுக்கு நான் சாட்சி கூட்டிகினு வரணுமா?’

வைத்துவிட்டாள்.

பாருங்கள், வேனைத்தான் சொன்னேன் என்று கடைசிவரைக்கும் அவள் சொல்லவில்லை. சந்தாபுராவில் சொல்லவில்லை என்றும் சொல்லவில்லை. மானமுள்ளவள் இப்படித்தான் பேசுவாள். தப்புச் செய்தவளும் இப்படித்தான் பேசுவாள். என் காதுக்கு இரண்டும் ஒரே குரலாகக் கேட்பதுதான் சிக்கல்.

6

பால்ராஜைக் கேட்டேன்.

‘நான் பாத்தேன் அக்கா. “ஆமா நான்தான் வரச் சொன்னேன்”னு இருந்துது.’

‘வரச் சொன்னேன்னா? “வர” இருந்துதா?’

‘இருந்துது. இல்ல... வேனுக்குத்தானே கேட்டேன்? அப்ப இருந்திருக்கும்.’

‘இருந்துதா, இருந்திருக்குமா?’

‘இன்னா அக்கா, கோர்ட்டுல கேக்கிற மாதிரி கேக்கறீங்க!’

‘வர’. இரண்டெழுத்து. அது இருந்தால் செண்பகம் வேனைச் சொன்னாள். இல்லாவிட்டால் எதையும் சொல்லியிருக்கலாம். தமயந்தி படித்த செய்தியில் ‘வர’ இல்லை. பால்ராஜ் படித்ததில் இருக்கிறது. ஆளுக்கு அவரவர் கேள்விக்குப் பதிலாகத்தான் படித்திருக்கிறார்கள். நான் படித்ததில் இல்லை. ஆனால் தமயந்தி கேட்டதற்கு அப்புறம்தானே ஞாபகப்படுத்திப் பார்த்தேன்? அவள் குரலோடு கலந்துபோன என் ஞாபகம் சாட்சியாகுமா?

செண்பகம் விட்டுப்போனதாகச் சொன்ன வார்த்தை அந்த ‘வர’தானா?

வேன் டிரைவரையும் விடவில்லை. ‘யாரோ லேடீஸ் ஃபோன் மாடித்ரு மேடம், பெளிகே பேகா பன்னி அந்த்ரு’ என்றார். காலையில் சீக்கிரம் வரச் சொன்னது யாரோ ஒரு அம்மா. எங்கள் குரூப்பில் பாதிப் பேர் அம்மாக்கள். அது செண்பகமே என்றாலும், வேன்காரரிடம் சொன்ன வாயால் சந்தாபுராவில் சொல்லியிருக்க முடியாதா?

கடைசியில் ஓஸ்வால்ட்.

‘ஓஸ்வால்ட், லைன்ல இப்படி நடந்திருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?’

‘நடந்தே இருக்காது மைதிலி. தமயந்தி கதவு வேற, பால்ராஜ் கதவு வேற. ஆமா எந்தக் கதவுல இருக்குதோ அதுக்குத்தான் ஆமா. அழிச்சிருந்தாலும் எந்தக் கதவுல அழிச்சாங்கன்னாவது தெரிஞ்சிருக்கும்.’

‘இப்ப?’

‘இப்ப ஏது கதவு? பங்காருபேட் ஸ்டேஷன்ல மாரிக்குப்பம் வண்டி வந்து நிக்கும்போது ஆயிரம் பேர் கத்துவான் இல்லையா, அதுல ஒருத்தன் “ஆமா”ங்கிறான். யாருக்குன்னு கேட்டா நான் எங்க போவேன்?’

‘மறுபடி திறங்களேன்.’

‘யார் வருவா? நீ ஒருத்தி வருவே. கதை எழுதறதுக்கு.’

அவரையும் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். பழைய கதவுகளெல்லாம், தமயந்தி கேட்டது உட்பட, அவர் கம்ப்யூட்டரில்தானே இருக்கின்றன? பிறகு விட்டுவிட்டேன். அவர் எதையும் அழிக்காதவர். அழிக்காதவர்களுக்குச் சொல்லித் திரிய நேரம் இருக்காது என்று தோன்றியது. (இது தர்க்கமில்லை. தெரியும்.)

7

முடிவுகள்.

முடிவு அ. செண்பகம் தங்கையிடம் ஏதோ பேச்சில் சொல்லிவிட்டாள், தங்கை...

‘நம்ம தமயந்தி பொண்ணைத்தான் உங்க தெருப் பையனுக்குப் பாத்திருக்காங்களாம்.’

‘யாரு, அந்த ஃபிட்ஸ் வந்த...’

எழுத முடிகிறது. ரொம்பச் சுலபமாக எழுத முடிகிறது, அதனால்தான் பிடிக்கவில்லை.

முடிவு ஆ. செண்பகம் குற்றமற்றவள். வேன் வரும் காலையில் தமயந்தியும் வந்து ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து... சினிமா. தமயந்தி வேனுக்குப் பெயரே கொடுக்கவில்லை.

முடிவு இ. சொன்னது நான்தான். உங்களில் சிலர் ரொம்ப நேரமாக இதற்குத்தான் காத்திருக்கிறீர்கள். நான் இல்லை. வேண்டுமானால் நம்பாமல் போங்கள். சந்தேகப்படுவதற்கு நான் ஒருத்திதான் உரிமை வாங்கியிருக்கிறேனா என்ன?

முடிவு ஈ எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்த வரியை ஒவ்வொருவர் குரலிலும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை செய்யும்போது நான் அப்படித்தான், சத்தமாகவே சொல்லிப் பார்ப்பேன். செண்பகத்தின் குரலில் வேனுக்குச் சொன்னேன், பொருந்தியது. செண்பகத்தின் குரலிலேயே சந்தாபுராவுக்குச் சொன்னேன், அதுவும் பொருந்தியது. பால்ராஜ் குரலில் சிரிப்பு வந்தது. பிறகு, ஏன் என்று தெரியவில்லை, ஹெல்மெட் போட்ட ஒரு குரலில் வந்தது.

‘ஆமா பெரிம்மா, நான்தான் சொன்னேன். கட்டிக்கப்போறவன்கிட்ட சொல்லாம? சொன்னா இன்னா தப்பு?’

அந்த வரி அதற்கு முன்னால் யாருக்கும் அப்படிப் பொருந்தவில்லை.

உங்க பக்கத்துல இருந்தே வந்த சேதி. மாப்பிள்ளையின் அம்மா சொன்ன ‘உங்க பக்கம்’ லைன் இல்லை, குரூப் இல்லை. வீடு.

இதெல்லாம் காது சொல்வது. குரலோடு கலந்தது சாட்சியாகுமா என்று ஆறாவது பகுதியில் நானே கேட்டிருக்கிறேன்.

8

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்படி இரண்டு பேரையும் கூப்பிட்டேன்.

‘அவ வந்தா நான் வரமாட்டேன் அக்கா’ என்றாள் தமயந்தி.

‘அவ வந்தா வர்றேன்’ என்றாள் செண்பகம்.

பிறகு அம்ருதாவுக்கு ஃபோனில் எழுதினேன். எழுத்துக்காரி இல்லையா, யோசித்து, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன்: ‘சந்தாபுராவுல சொன்னது நீயாம்மா?’ அனுப்பியதும், ஒரு சின்னப் பெண்ணிடம் இப்படியா மொட்டையாகக் கேட்பது என்று தோன்றி, பேச்சை மாற்றுவதற்காக உடனே இன்னொன்றும் அனுப்பினேன்: ‘ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு வர்றியா? செண்பகமும் வருவா.’

இரண்டிலும் நீல டிக் விழுந்தது. பிறகு பதில் வந்தது.

ஒரு கட்டைவிரல்.

கீழே வேறு எதுவும் இல்லை. ஒற்றைக் கட்டைவிரல், மேலே பார்த்துக்கொண்டு.

ஏழு பகுதிகளாக மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டு நானும் அதையேதான் செய்திருக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் வரும்வரை என் வாயை என்னால் மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். கேட்கலாம். கேட்டு அவள் ஆமா என்றால், செண்பகம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு தமயந்தியிடம் அதைச் சொல்லாமல் இருப்பது துரோகம். சொன்னால், மகள் தன் வாயால் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை நான் சொன்னதாகிவிடும். அப்புறம் இன்னொரு குரூப்பில் யாராவது கேட்பார்கள்: தமயந்திகிட்ட சொன்னது யாரு?

இன்று ஞாயிற்றுக்கிழமை. செண்பகம் முன்னமே வந்துவிட்டாள். உள்ளே அப்பளம் பொரிக்கிறாள். நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள், வேன் கணக்கு என்று சொன்னேன். நம்பவில்லை. அவளும் என்னைப் போலத்தான்.

கீழே தெருவில் ஸ்கூட்டர் வந்து நின்றது. படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இரண்டு ஜோடியாக இருந்தால் அந்த விரல் இரண்டாவது கேள்விக்குத்தான். ஒரு ஜோடியாக இருந்தால், அவள் தனியாக வருகிறாள் என்றால், அது முதல் கேள்விக்கு. அவள் செண்பகத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வந்திருக்கிறாள். இத்தனை வருஷம் பேச்சுக் கேட்டுப் பழகிய காதுக்கு இதுகூடப் பிடிபடாதா என்று கேட்காதீர்கள். உள்ளே அப்பளம் எண்ணெயில் விழுகிற சத்தம், அதற்கு மேலே அந்தப் படிச் சத்தம். எண்ணவிடாமல் செய்கிறாள் செண்பகம். வேண்டுமென்றே செய்கிறாளோ?

நான் எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும். அதற்கு முன்னால், ஓஸ்வால்ட் செய்வதுபோல, இரண்டு கேள்விகளையும் தனித்தனிக் கதவாக இங்கே வைத்துவிட்டுப் போகிறேன். கட்டைவிரலை நீங்கள் வையுங்கள். ஆனால் இது எதுக்கு என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வையுங்கள்.

சந்தாபுராவுல சொன்னது நீயாம்மா?

பதில்:

ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு வர்றியா?

பதில்: